யாருடைய நேரத்தில் ஓடுகிறோம்?

முழு மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதை முதல்முறையாக ஓடி முடிக்க நினைக்கும் ஒருவர் வாரத்துக்கு 40 கிலோமீட்டர் பயிற்சி எடுக்கிறார், கிலோமீட்டருக்கு 7 நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் அவர் ஓடும் நேரம் 280 நிமிடம். இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துப் பார்க்கலாம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கூலியில்லா வீட்டுவேலை பார்க்கும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம். மாரத்தானுக்குத் தயாராகிறவர் ஒரு வாரம் முழுக்க ஓடும் நேரத்தை, அடுப்படிக்கும் துணிக்கொடிக்கும் இடையே ஒரு பெண் ஒரே நாளில் தாண்டிவிடுகிறார். அதே வேலையில் கைவைக்கும் ஆண்களுக்கு அது 88 நிமிடம். கைவைக்காத ஆண்கள் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் ஓட முடியுமா என்ற கேள்விக்கு இன்று கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ‘நேரமில்லை’ என்று அப்பாவும் சொல்கிறார், அம்மாவும் சொல்கிறார். இருவருக்கும் ஒரே பயிற்சி அட்டவணை நீட்டப்படுகிறது. நேரமில்லை என்ற சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு நேரம் வேண்டும், எந்த நேரம் வேண்டும், யாருடைய நேரம் அது. முதல் கேள்விக்கு உடலியல் ஆய்வுகள் ஏறக்குறைய முழுமையாகவே விடை சொல்லிவிட்டன. இரண்டாவதற்குப் பாதி விடை இருக்கிறது. மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு. மூன்றாவதற்கு வீட்டில் விடை காணாமல் முதலிரண்டின் விடைகளும் நிற்காது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எவ்வளவு நேரம்?

முதல் கேள்வியில் நல்ல செய்தி நிறைய இருக்கிறது. லண்டன் மாரத்தானை முதல்முறை ஓடிய 138 பேரை, பயிற்சி தொடங்கும் முன்பும் போட்டி முடிந்த பிறகும் சோதித்து 2020இல் வெளியான ஓர் இதயநல ஆய்வு, அவர்களுடைய ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 4 அலகு குறைந்ததையும், பெருந்தமனியின் விறைப்பு சுமார் நான்கு வயது இளையவர்களின் நிலைக்குத் திரும்பியதையும் கண்டது. அவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பயிற்சி வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று ஓட்டங்கள், மொத்தம் 10 முதல் 20 கிலோமீட்டர்தான். அதற்கு முன்பே, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிறு சிறு பொழுதுகளாக விட்டுவிட்டு முழுவேகத்தில் சைக்கிள் மிதித்தவர்களின் தசைகளில், மணிக்கணக்கில் நிதானமாக மிதித்தவர்களின் தசைகளில் காணப்பட்டதைப் போன்ற மாற்றங்களே தெரிந்தன. இரண்டு வாரத்தில் முதல் குழு செலவிட்டது, இடைஓய்வையும் சேர்த்து, இரண்டரை மணி நேரம். இரண்டாம் குழு பத்தரை மணி நேரம்.

பெற்றோருக்கு இவற்றைவிடப் பயனுள்ளவை உடலியல் ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980களில் செய்த சோதனைகள். பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி எடுத்தவர்களின் பயிற்சியை அவர் பல வகைகளில் குறைத்துப் பார்த்தார். நாள்களைக் குறைத்தாலும், 40 நிமிடத்தை 13 நிமிடமாக வெட்டினாலும், வேகம் மட்டும் குறையாதிருந்தால் உடல் ஆக்சிஜனை உள்வாங்கும் உச்சத் திறன் பதினைந்து வாரம்வரை அப்படியே நின்றது. வேகத்தைத் தளர்த்தியபோதுதான் அது சரிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் அறுவை, அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு என்று வாரங்கள் கைநழுவிப் போகும் வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். ஓடாத நாள்களெல்லாம் வீணான நாள்கள் என்ற குற்றவுணர்வுக்கு உடலியலில் ஆதாரம் இல்லை. முன்பே சேர்த்துவைத்த உடல்திறனை, வாரத்தில் இரண்டு மூன்று குறுகிய, சுறுசுறுப்பான ஓட்டங்களால் காப்பாற்றி வைக்கலாம்.

இங்கேயே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. குறுக்குவழியில் மாரத்தான் ஓட முடியாது என்று பழுத்த ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. ஹிக்சனின் அதே சோதனையில், 13 நிமிடமாக வெட்டியவர்களுக்கு உச்சத் திறன் குறையாவிட்டாலும், நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் சுமார் 10 சதவீதம் குறைந்தது. காரணம் எளிய கணக்குதான். ஓடும் உடல் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி எரிக்கிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானில் சுமார் 2,700 கிலோகலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் சர்க்கரையாகச் சேமிக்க முடிந்ததோ 2,000 கிலோகலோரிக்குச் சற்று முன்பின். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிக் கால்கள் கல்லாகிப் போவதற்கு இந்தப் பற்றாக்குறையே முக்கியக் காரணம். கொழுப்பை எரித்து ஓடவும், மூன்று நான்கு மணி நேரம் தரையில் அடிபடவும் உடலைப் பழக்குவது நீண்ட ஓட்டம் ஒன்றுதான். அதற்கு மாற்று இல்லை.

ஆனால் இந்த மறுப்பு எதை மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். முழு மாரத்தானை அரைகுறைப் பயிற்சியில் ஓடாதே என்கிறது. பெற்றோர் ஓடவே கூடாது என்று சொல்லவில்லை. 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துபோகும் ஆபத்து மிகக் குறைவு. அதற்கான நீண்ட ஓட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழு மாரத்தானின் நீண்ட ஓட்டம் மூன்றரை மணி நேரம் போகும். அதன்பின் மதியம் முழுவதும் அந்த ஆள் வீட்டுக்கு ஆகமாட்டார். பால்குடி மறக்காத குழந்தையோ பள்ளிக்குப் போகாத குழந்தையோ இருக்கும் வீட்டுக்கு அரை மாரத்தான் தாழ்ந்த இலக்கல்ல, சரியான இலக்கு. தூரத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி நேரப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. முழுத் தூரம் ஓடினால்தான் ஓட்டக்காரர் என்ற கௌரவப் பிரச்சினைதான் அதைத் தீரவிடாமல் வைத்திருக்கிறது.

எந்த நேரம்?

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் தேவை என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த ஐந்து மணி நேரம் நாளின் எந்த மூலையில் கிடைக்கிறது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். பெற்றோரின் ஓய்வு நேரம் சில்லறையாகக் கிடைப்பது. பள்ளி வேன் வருவதற்கு முன் பத்து நிமிடம், பாட்டு வகுப்பு முடியும்வரை நாற்பது நிமிடம், பிள்ளை தூங்கிய பிறகு அரை மணி. நீண்ட ஓட்டம் சில்லறையை ஏற்பதில்லை. அதற்கு நோட்டாகத்தான் வேண்டும். அதனால் வாரநாள்களில் சில்லறை நேரத்துக்கு ஏற்ற குறுகிய வேக ஓட்டங்களும், வாரக் கடைசியில் ஒரு நீண்ட ஓட்டமும் என்ற பிரிப்பு இயல்பாகவே உருவாகிறது. இதை ஆய்வுகளும் ஓரளவு ஆதரிக்கின்றன. பிரிட்டனில் மணிக்கட்டுக் கருவி அணிந்த சுமார் 89,500 பேரை வைத்து 2023இல் வெளியான ஆய்வு, வாரத்தின் உடலுழைப்பில் பெரும்பகுதியை ஓரிரு நாள்களில் திணித்துவிடுபவர்களுக்கும், அதை வாரம் முழுவதும் பரப்பிச் செய்பவர்களுக்கும் இதயநலத்தில் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டியது.

இதயத்துக்குப் பொருந்துவது முழங்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் அப்படியே பொருந்தாது. 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025இல் வெளியான ஓர் ஆய்வு, காயங்களுக்குப் புதிய விளக்கம் தந்தது. வாரத்துக்கு வாரம் மொத்தத் தூரம் எவ்வளவு கூடியது என்பதைவிட, கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தை ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினார்களா என்பதே காயத்தோடு தெளிவாகத் தொடர்புபட்டிருந்தது. பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு இதுதான். பிள்ளையின் காய்ச்சலில் இரண்டு ஞாயிறு போய்விடுகிறது. விட்டதைப் பிடிக்க மூன்றாம் ஞாயிறு அட்டவணை சொல்லும் 24 கிலோமீட்டருக்குத் தாவுகிறார்கள். அட்டவணை, பிள்ளை இல்லாத ஒருவரின் வாழ்க்கைக்காக எழுதப்பட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதும், தேவைப்பட்டால் போட்டியின் தூரத்தையே குறைத்துக்கொள்வதும் தோல்வியல்ல, கணக்கைப் புரிந்துகொண்டதன் அடையாளம்.

தமிழ்நாட்டில் இந்த ‘எந்த நேரம்’ என்ற கேள்விக்குத் தனி முடிச்சுகள் உண்டு. சென்னை மாரத்தானும் மும்பை மாரத்தானும் ஜனவரியில் நடக்கின்றன; வெயில் தணிந்த காலம் அதுதான் என்பதால் வேறு வழியும் இல்லை. ஜனவரி தொடக்கத்திலிருந்து, அட்டவணைகள் வழக்கமாகக் கேட்கும் பதினாறு வாரத்தைப் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் நடுவில் பயிற்சி தொடங்க வேண்டும். அந்தப் பதினாறு வாரத்துக்குள் காலாண்டுத் தேர்வு, நவராத்திரிக் கொலு, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, மழை விடுமுறை, அரையாண்டுத் தேர்வு எல்லாம் அடுக்கி வருகின்றன. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டுவதும் அந்த மாதங்களில்தான். நீண்ட ஓட்டங்கள் உச்சத்தைத் தொட வேண்டிய டிசம்பரில், வீட்டில் ஒருவர் கணக்கு நோட்டோடு உட்கார வேண்டியிருக்கிறது. குளிர்நாடுகளின் பயிற்சி அட்டவணைகளில் இதற்கெல்லாம் இடமில்லை. கோடை விடுமுறையில், ஏப்ரல் மே மாதங்களில், குறைந்த தூரத்தில் அடித்தளம் போட்டுவைத்து, பள்ளி திறந்த ஜூன் முதல் மெல்ல மெல்லக் கூட்டி வந்தால் டிசம்பரின் நெருக்கடியை ஹிக்சன் சொன்னபடி குறைந்த நாள்களில் சமாளிக்கலாம். பதினாறு வாரத் திட்டத்தைவிட ஒன்பது மாதத் திட்டம் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு எளிது.

நேரத்தைத் தேடுகிறவர்கள் கடைசியில் கைவைப்பது தூக்கத்தில். விடியலுக்கு முன் நாலரை மணிக்கு எழுந்தால் வெயிலும் இல்லை, வீட்டில் கேள்வியும் இல்லை. ஆனால் தூக்கம் ஏற்கெனவே கடனில் இருக்கிறது. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான பெற்றோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு, முதல் குழந்தை பிறந்து ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் அம்மாவின் தூக்கமோ அப்பாவின் தூக்கமோ கருத்தரிப்புக்கு முந்தைய அளவுக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. முதல் மூன்று மாதத்தில் அம்மாவுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் ஒரு மணி நேரம். அப்பாவுக்குக் கால் மணி நேரம். நாலரைக்கு எழ வேண்டுமானால் ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். ஒன்பதரைக்குப் படுக்க வேண்டுமானால் இரவுச் சாப்பாடு, பாத்திரம், மறுநாளைய மாவு, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் ஒன்பதுக்குள் முடிந்திருக்க வேண்டும். முடிப்பது யார்? இரண்டாம் கேள்வியைக் கொஞ்சம் தோண்டினாலே மூன்றாம் கேள்வி தட்டுப்படுகிறது.

சாதனைத் தாய்மார் சொல்வது என்ன?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பட்டியல் முன்வைக்கப்படும். பட்டியல் மெய்தான். நார்வேயின் இங்ரிட் கிறிஸ்டியான்சன் 1983இல் குழந்தை பெற்று, ஐந்தே மாதத்தில், 1984 ஜனவரியில் ஹூஸ்டன் மாரத்தானை வென்றார். அடுத்த ஆண்டு லண்டனில் 2 மணி 21 நிமிடம் 6 விநாடியில் உலக சாதனை படைத்தார். பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் மகளைப் பெற்று அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் தங்கத்தை வென்ற கென்யாவின் பெரஸ் ஜெப்சிர்சிர் ஒரு தாய். இரண்டு குழந்தைகளின் தாயும் வீடு விற்பனை முகவருமான கீரா டமாடோ, பல ஆண்டு இடைவெளிக்குப் பின் ஓடத் தொடங்கி, 2022இல் அமெரிக்க தேசிய சாதனையை 2 மணி 19 நிமிடம் 12 விநாடியாக்கினார். கால்நடை மருத்துவரான ஜாஸ்மின் பாரிஸ் 2019 ஜனவரியில், பிரிட்டனின் மலைமுகடுகளில் 268 மைல் நீளும் ஸ்பைன் போட்டியை 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, ஆண்களையும் சேர்த்து எல்லாரையும் முந்தினார். வழியிலிருந்த முகாம்களில் பதினான்கு மாத மகளுக்காகத் தாய்ப்பாலைப் பிழிந்து வைத்துவிட்டு ஓடினார்.

இவை ஒன்றைச் சந்தேகமின்றி நிறுவுகின்றன. தாய்மை உடலை நெடுந்தூர ஓட்டத்துக்குத் தகுதியற்றதாக்குவதில்லை. மருத்துவ ஆய்வும் இதற்கு ஒத்துவருகிறது. பாலூட்டும் தாய்மார் வாரத்தில் ஐந்து நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தாலும் பாலின் அளவோ சத்தோ குழந்தையின் எடையோ பாதிக்கப்படவில்லை என்பது 1994லேயே சோதனையில் தெளிவானது. ஓடினால் பால் வற்றும் என்ற பாட்டிமார் பயத்துக்கு அடிப்படை இல்லை. அதே சமயம் பிரசவித்த உடலுக்கு அவகாசம் வேண்டும் என்பதில் பாட்டிமார் சொன்னது சரியே. பிரிட்டனின் இயன்முறை மருத்துவர்கள் 2019இல் வகுத்த நெறிமுறை, பிரசவத்துக்குப் பின் குறைந்தது பன்னிரண்டு வாரம்வரை ஓட வேண்டாம் என்கிறது. அதன் பிறகும் இடுப்புத்தளத் தசைகளின் வலுவைச் சோதித்த பின்தான்.

ஆனால் இந்தப் பட்டியலிலிருந்து, மனமிருந்தால் எந்தத் தாயும் ஓடலாம் என்ற முடிவுக்குத் தாவுவது பிழை. பட்டியலில் பலருக்கு ஓட்டமே பிழைப்பு. அவர்கள் பயிற்சிக்குப் போகும் நேரம் அலுவலகத்துக்குப் போகும் நேரத்துக்குச் சமம். வீடு அதைக் கேள்வி கேட்பதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுவதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம் ஜப்பானின் யூகி கவாவுச்சி. பள்ளி அலுவலகம் ஒன்றில் முழுநேர அரசு ஊழியராக இருந்தபடியே, நாளுக்கு ஒரே ஒரு பயிற்சியோடு, 2018இல் பாஸ்டன் மாரத்தானை வென்றார். அவருடைய வேலை நேரம் நண்பகலுக்குப் பின் தொடங்கியது. காலை அவருக்கே சொந்தம். வேலைப்பளு மாரத்தானைத் தடுப்பதில்லை, துண்டாடப்படாத ஒரு காலைப்பொழுது கையில் இருந்தால் போதும் என்றுதான் அவர் கதை காட்டுகிறது. அந்தக் காலைப்பொழுது யாருக்கு இருக்கிறது என்பதைச் சாதனைக் கதைகள் சொல்வதில்லை. ஓடி முடித்தவர்கள் மட்டுமே கதையாகிறார்கள்; ஷூவை வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

யாருடைய நேரம்?

ஞாயிறு காலை நாலரை மணிக்கு ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பி எட்டரைக்குத் திரும்புகிறார் என்று கொள்வோம். அந்த நான்கு மணி நேரத்தில் குழந்தை எழுந்திருக்கும், பால் கேட்டிருக்கும், இட்லி வெந்திருக்கும், தண்ணீர் மோட்டார் போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். ஓடியவர் நேரத்தை எங்கிருந்தும் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. வீட்டில் இருந்த இன்னொருவரின் நேரத்தை எடுத்துக்கொண்டார். இதில் தவறொன்றும் இல்லை. குடும்பம் என்பதே நேரத்தைக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாடுதான். தவறு, வாங்கியதை வாங்கியதாகக் குறித்துக்கொள்ளாததில் இருக்கிறது. அப்பா ஓடினால் அது ஒழுக்கம், உடல்நல அக்கறை. அம்மா ஓடினால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி முதலில் வருகிறது. இருவரும் எடுப்பது ஒரே நான்கு மணி நேரம். ஒன்றுக்கு விலைச்சீட்டு ஒட்டப்படுகிறது, மற்றதற்கு இல்லை.

அப்பா வெளியே அதிக நேரம் உழைக்கிறாரே, ஓட்டம் அவருக்கு உரிய ஓய்வுதானே என்று கேட்கலாம். 2024 கணக்கெடுப்பில் சம்பள வேலையிலும் அது தொடர்பானவற்றிலும் ஈடுபட்ட ஆண்கள் நாளுக்கு 473 நிமிடமும் பெண்கள் 341 நிமிடமும் செலவிட்டார்கள் என்பது உண்மை. வேறுபாடு 132 நிமிடம். வீட்டுவேலையில் வேறுபாடு 201 நிமிடம். குழந்தைகளையும் முதியோரையும் பராமரிப்பதில் பெண்கள் 137, ஆண்கள் 75; வேறுபாடு 62 நிமிடம். ஒவ்வொரு சராசரியும் அந்தந்த வேலையில் ஈடுபட்டவர்களுடையது என்பதால் இவற்றை ஒரே வீட்டுக் கணக்காகக் கூட்டிக் கழிக்க முடியாது. ஆனாலும் தராசு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதில் ஐயமில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1989இல் இதை ‘இரண்டாம் ஷிஃப்ட்’ என்று பெயரிட்டு, வேலைக்குப் போகும் மனைவியர் ஆண்டுக்கு ஒரு மாதம் கூடுதலாக உழைக்கிறார்கள் என்று கணக்கிட்டார். நெடுந்தூர ஓட்டம் அந்தச் சாய்வைத் தானாக உருவாக்குவதில்லை. இருக்கும் சாய்வின்மேல் வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரத்தை ஏற்றிவைக்கிறது. எந்தப் பக்கம் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடவும் செய்யும், குறையவும் செய்யும்.

இந்தக் கேள்வி கணவன் மனைவியோடு நிற்பதில்லை. நம் வீடுகளில் இருவரும் ஓடக் கிளம்பினால் குழந்தை பாட்டியிடம் போகிறது. பாட்டியின் முழங்காலுக்கும் வயதாகிறது. அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு. வசதியான வீடுகளில் வீட்டுவேலைக்கு வரும் பெண் ஆறு மணிக்கே வரச் சொல்லப்படுகிறார். அவரும் தன் பிள்ளைகளைத் தூங்கவிட்டுவிட்டு வரும் தாய்தான். ஒரு தாயின் நேரக்குறையை இன்னொரு தாயின் நேரத்தால் தீர்த்துவிட்டுச் சமத்துவம் வந்துவிட்டது என்று எழுதுவது எளிது. பாட்டியிடம் கேட்டுவிட்டு விடுவதும், முன்கூட்டி வருபவருக்கு அந்த நேரத்துக்கான கூலியைத் தனியாகக் கொடுப்பதும் குறைந்தபட்ச நேர்மை. கணக்கை நேர்மையாக எழுதினால், சில வாரங்களில் ஓடாமல் இருப்பதே சரி என்ற விடையும் வரும்.

இவ்வளவு எதற்கு?

இங்கே வலுவான மறுப்பு ஒன்று காத்திருக்கிறது. இத்தனை சிக்கலும் எதற்கு, பெற்றோர் தினமும் அரை மணி நடந்தால் போதாதா? உடல்நலத்தை மட்டும் பார்த்தால், போதும். டல்லாஸின் கூப்பர் மையத்தில் 55,137 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, நாளுக்கு ஐந்து பத்து நிமிடம், மெதுவாகவே ஓடினாலும், இதயநோயால் இறக்கும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்திருந்ததைக் கண்டது. மிக அதிகம் ஓடியவர்களுக்கு அதைவிடப் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 நிமிடக் கடும் உழைப்புதான். உடல்நலத்தைக் காட்டி வீட்டாரிடம் மாரத்தானுக்கு அனுமதி வாங்குவது உண்மையில் ஏமாற்று வேலை. நீரிழிவும் மாரடைப்பும் நாற்பதுகளிலேயே எட்டிப்பார்க்கும் நம் ஊரில், பரிசோதனை செய்துகொள்ளாத அப்பா ஒருவருக்கு மாரத்தான் சிறு ஆபத்தாகக்கூட இருக்கலாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான்களில் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. எண்ணிக்கை மிகச் சிறியதுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அரை மாரத்தானைவிட முழு மாரத்தானில் விகிதம் அதிகம்.

பிள்ளைகளுக்கு முன்மாதிரி என்ற வாதமும் அளவோடு பயன்பட வேண்டியது. ஃபிரேமிங்ஹாம் குழந்தைகள் ஆய்வு 1991இல் வெளியிட்ட கணக்கின்படி, பெற்றோர் இருவரும் சுறுசுறுப்பாக இருந்த வீட்டுக் குழந்தைகள், இருவரும் அப்படி இல்லாத வீட்டுக் குழந்தைகளைவிடச் சுறுசுறுப்பாக இருக்க 5.8 மடங்கு வாய்ப்பிருந்தது. ஒருவர் மட்டும் சுறுசுறுப்பாக இருந்த வீடுகளில் அந்த மடங்கு வெகுவாகக் குறைந்தது. நூறு குழந்தைகளை மட்டுமே பார்த்த ஆய்வு அது. காரணமும் விளைவும் எது என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. என்றாலும் அதிலிருந்து பெறக்கூடிய குறிப்பு நம் கேள்விக்கு நேராக வருகிறது. ஒருவர் ஓட, மற்றவர் சமைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் குழந்தை கற்றுக்கொள்வது ஓடுவதை மட்டுமல்ல.

அப்படியானால் நெடுந்தூரத்துக்கு என்னதான் நியாயம்? ஆசைதான். நெடுந்தூரம் ஓடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு உடல்நலத்தின் சான்றிதழ் தேவையில்லை; வீணை கற்கவோ தேர்வெழுதவோ ஒருவர் ஆசைப்படுவதைப் போன்றதே அது. அதோடு, போட்டிக்கு ஒரு தேதி இருக்கிறது. ‘கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்’ என்ற நேரத்தைக் குழந்தையின் ஒரு தும்மல் ரத்து செய்துவிடும். நாள் குறிக்கப்பட்ட, பணம் கட்டப்பட்ட, மார்பில் எண் குத்திக்கொள்ளப்போகும் ஒரு காரியத்துக்கு, முகூர்த்தத்துக்கும் பொதுத்தேர்வுக்கும் கிடைக்கும் மரியாதை வீட்டில் கிடைக்கிறது. எல்லார் வேலையும் முடிந்த பிறகு மிஞ்சுவதே தன் நேரம் என்று பழகிவிட்ட தாய்க்கு, அந்தத் தேதி முதல்முறையாக ஒரு கோரிக்கையை எழுத்தில் தருகிறது. அதே தேதி, ஏற்கெனவே தன் நேரத்தைத் தன்னுடையதாகவே வைத்திருக்கும் ஆணின் கையில் இன்னொரு சலுகைச் சீட்டாகவும் மாறலாம். கருவி ஒன்றுதான், பிடிக்கும் கையைப் பொறுத்து அதன் வேலை மாறுகிறது.

வாசலுக்கு வெளியே

வீட்டுக்குள் பேசித் தீர்க்க முடியாதவையும் உண்டு. கைமாற்றிக்கொள்ள இன்னொருவர் இல்லாத ஒற்றைப் பெற்றோருக்கு இந்தக் கட்டுரையின் கணக்கே பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது பகலிலும் மாலையிலும் பிள்ளையோடு போய்வரக்கூடிய பொது இடம். விடியலுக்கு முந்தைய இருட்டு ஆணுக்குக் குளிர்ச்சி, பெண்ணுக்கு எச்சரிக்கை. தெருவிளக்கு எரியாத சாலை, விரட்டும் நாய்கள், உடைந்த நடைமேடை, தாமதமாகத் திறக்கும் பூங்கா இவை ஒவ்வொன்றும் அம்மாக்களின் பயிற்சி நேரத்தை நேரடியாக வெட்டுகின்றன. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளப்படுத்திய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ போன்ற திட்டங்கள், அந்தப் பாதைகள் விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் வெளிச்சமாக இருந்தால்தான் வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பயன்படும்.

போட்டி நடத்துவோரிடமும் ஒரு பங்கு இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த சோஃபி பவர் 2018இல், மூன்று மாதக் குழந்தைக்கு வழியில் பாலூட்டியபடி ஆல்ப்ஸ் மலைச்சுற்றில் 170 கிலோமீட்டர் ஓடிய புகைப்படம் உலகெங்கும் பரவியது. தாய்மையின் வலிமை என்று பலர் அதைக் கொண்டாடினார்கள். அவர் அவ்வளவு சீக்கிரம் ஓட நேர்ந்ததற்குக் காரணம், காயம் பட்டவர்களுக்கு இடத்தை மறு ஆண்டுக்குத் தள்ளிவைத்த அந்தப் போட்டி, கர்ப்பமானவர்களுக்கு அப்போது அந்த வாய்ப்பைத் தராதது. பின்னர் விதி மாறியது. லண்டன், பாஸ்டன் மாரத்தான்களிலும் கருவுற்றவர்கள் தங்கள் இடத்தைத் தள்ளிவைக்கும் வசதி வந்தது. வீரமாகத் தெரிந்தது, நல்ல விதி ஒன்று இருந்திருந்தால் தேவையே பட்டிருக்காது. பெற்றோர் ஓடுவதை வியப்பதைவிட, வியக்கத் தேவையில்லாதபடி செய்வது ஊருக்கும் அமைப்பாளர்களுக்கும் உள்ள வேலை.

மூன்று கேள்விகளுக்கும் வரிசையாக விடை எழுதிப் பார்த்தால் படம் துலங்குகிறது. எவ்வளவு என்றால், நாம் பயப்படுவதைவிடக் குறைவு. தூரத்தைச் சரியாகத் தேர்ந்தால் இன்னும் குறைவு. எந்த நேரம் என்றால், பள்ளி நாள்காட்டியை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிய நீண்ட திட்டத்தில் ஒளிந்திருக்கும் நேரம். யாருடையது என்றால், பெரும்பாலும் வீட்டில் இருக்கும் இன்னொருவருடையது. மூன்றாவதை ஒப்புக்கொண்டவருக்கு ஒரு கடன் இருக்கிறது. அதைப் பதக்கத்தைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்துத் தீர்த்துவிட முடியாது. போட்டி முடிந்த மறுவாரத்திலிருந்து அடுத்த பதினாறு ஞாயிறு காலைகள் மற்றவருக்கு. அவர் ஓட வேண்டும் என்பதில்லை. தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம், ஒன்றும் செய்யாமல் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கலாம். இட்லி வெந்ததா என்று அவரை யாரும் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.